உறவு என்று போட்டிருந்த கட்டம்

"இது யாரு?" என்று வீட்டுக்காரம்மா கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "என் தங்கச்சிம்மா" என்றேன். பீர்க்கன்கரணையில் குடும்பமாக இருந்தால்தான் வீடு கிடைக்கும். அதிலும் படியேறாத கீழ்த்தள வீடு. துணை ராணுவ மகளிர் படையில் ரோந்து போனபோது கண்ணிவெடி என் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. உண்மையில் அவள், செயற்கைக் காலில் என்னை நடக்கப் பழக்கிய பிசியோதெரபிஸ்ட். பழக்கியவளையே காதலித்துத் தொலைத்தேன். அவளும் என்னைக் காதலித்தாள், அதுதான் ஆச்சரியம்.

நாலு வருஷம் ஒன்றாக இருந்தோம். செயற்கைக் கால் உரசிப் புண்ணாகும்போதெல்லாம் அவளே மருந்து போடுவாள். "கால் உறைய ஒழுங்கா மாட்டுடின்னு எத்தன தடவ சொல்றது" என்று திட்டுவாள்.

போன ஆடி முடிந்த கையோடு வீட்டுக்காரம்மா ஒரு ஜாதகத்துடன் வந்தார். "உன் தங்கச்சிக்கு ஒரு வரன் வந்துகீதும்மா. பையனுக்கு வண்டலூர்ல சொந்த வூடு, கடை. நீதான பெரியவ, சொல்லு."

அவள் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். "நல்ல இடமா இருந்தா பார்க்கலாம்மா" என்றேன். சனியன் பிடித்த வாய்.

அவள் சண்டைகூடப் போடவில்லை. மறுநாளே பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். போனை எடுக்கவில்லை. ரெண்டு மாசம் டிவியைக் கத்தவிட்டுத் தனியாகச் சாப்பிட்டேன். பாதி நாள் அதுவும் இல்லை. ஒருத்திக்காக மட்டும் சோறு வடிக்க மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் விடுதிக்குப் போனேன். வார்டன் பதிவேட்டை நீட்டினார். பெயர், நேரம், உறவு.

"அக்கான்னு போடுங்க. சொந்தக்காரங்கள மட்டும்தான் உள்ள வுடுவோம்."

'காதலி' என்று எழுதினேன்.

வார்டன் ரெண்டு தடவை படித்தார். "இன்னா மேடம் இது?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன். அவள கூப்பிடுங்க."

உள்ளே விடவில்லை. ஆனால் அவளை வரச் சொன்னார். அவள் வந்து பதிவேட்டைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இத அன்னிக்கு அந்தம்மா முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன். தப்புதான். வீட்டுக்கு வாடி."

"நீ பயப்படுற ஒவ்வொரு தடவையும் நான் தங்கச்சியா இருக்கணுமா?"

அவளே ஓர் ஆட்டோவை நிறுத்தி, என் கால் இடறாமல் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"பாத்துப் போங்க அக்கா" என்றாள்.

நாலு வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.