சந்தனம் வைத்த லேப்டாப்

மூடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு கறுப்பு லேப்டாப். இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. எங்கள் குருசாமிக்கு ஒரு பழக்கம். மலைக்குப் போகும் வேனில் ஏறுகிற எதற்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். ஸ்டெப்னி டயருக்கு வைப்பார், சமையல் அண்டாவுக்கு வைப்பார், கேஸ் அடுப்புக்கும் வைப்பார். அந்த வருஷம் ஒரு சாமி தோளில் லேப்டாப் பையோடு வந்து நின்றதும், "இருமுடி கட்டப் போற தலைக்கு இது இன்னாத்துக்கு சாமி?" என்று கேட்டார். "லீவு குடுக்கல சாமி. வண்டியிலேர்ந்தே வேலை பாக்குறேன்னு சொல்லித்தான் வந்துக்கிறேன்" என்று அவர் சொல்லவும், குருசாமி கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்து அதன் மூடியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு லேப்டாப் சாமி என்றே பெயர். எங்கள் காவாந்தண்டலத்துப் பிள்ளைதான். சென்னையில் ஏதோ கம்பெனியில் கணக்கு வேலை. என்னைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் மாலை போட்டுவிட்டால் எல்லாரும் சாமி, எல்லாரும் அவர் இவர்தான்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் வேலை. எனக்குத் தெரிந்தது மூட்டையும் முருகனும் ஐயப்பனும்தான். என் மகளுக்குச் சின்ன வயசிலிருந்து வலிப்பு வரும். வந்தால் கண் மேலே சொருகிவிடும். ஆஸ்பத்திரிக்கும் போனோம், மாத்திரையும் கொடுத்தோம், அதோடு மூன்று வருஷம் தொடர்ந்து மலை ஏறுவதாக வேண்டிக்கொண்டேன். ஏற ஆரம்பித்த பிறகு அவளுக்கு வலிப்பு குறைந்துகொண்டே வந்தது. அது மூன்றாவது வருஷம். வீட்டில் பெரியப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அப்பா போனபின் என்னையும் தம்பியையும் வளர்த்தவர் அவர். அவருக்குப் பிள்ளை இல்லை. "எனுக்குக் கொள்ளி வெக்கப்போறவன் நீதான் நைனா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். நான் கிளம்பத் தயங்கியபோதும் அவர்தான் துரத்தினார். "கொயந்தைக்கு வேண்டிக்கினது. போய்ட்டு வா நைனா. நான் எங்க ஓடிடப்போறேன், இங்கியேதான் கீறேன்" என்றார்.

மாலை போட்டிருப்பவனுக்குப் பங்காளி வீட்டில் சாவு என்று காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே மாலையைக் கழற்றிவிட வேண்டும். மலை அடிவாரமாக இருந்தாலும் சரி, அங்கிருந்தே திரும்பிவிட வேண்டியதுதான். இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கட்டு. அதனால் வழி முழுக்க எனக்கு ஒரே பேஜார். மனம் சரணம் சொல்லும், கை போனைத் தேடும்.

அப்படித் தேடிய போனையும் வழியில் ஆற்றில் குளிக்கும்போது வேட்டி மடிப்போடு தண்ணீரில் முக்கிவிட்டேன். துடைத்து, வெயிலில் காயவைத்து, ஆன் பண்ணினால் படமெல்லாம் வருகிறது, சிம் மட்டும் இல்லை என்று காட்டுகிறது. வேறொரு போனில் போட்டுப் பார்த்தும் அந்த சிம் எழவில்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். லேப்டாப் சாமிதான் போனை வாங்கிப் பார்த்தார். "சிம்மு போனா போவுது சாமி. வாட்ஸ்அப் இருக்குதில்ல, நெட்டு இருந்தா போதும். எங்கிட்ட கம்பெனி குடுத்த நெட்டு குச்சி கீது" என்றார். லேப்டாப்பின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி சொருகியிருந்தது, அதன் நுனியில் நீலமாக ஒரு சின்ன வெளிச்சம். குச்சியிலிருந்து லேப்டாப்புக்கு வருகிற நெட்டை லேப்டாப் என் போனுக்குத் தருமாம். செம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றுகிற மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன். அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டும் என்று 'சாமி சரணம்' என்று தட்டினார். "பாஸ்வேர்டு இன்னா வெக்கலாம் சாமி? மறக்காத மாதிரி சொல்லுங்க" என்றார். நான் மகள் பேரைச் சொன்னேன். எழுத்து பத்தவில்லை என்று கூடவே ஊர்ப் பேரையும் சேர்த்துக்கொண்டார். "பாப்பாவுக்குத்தான் வேண்டுதலா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா விஷயத்தையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் பக்கத்துச் சீட்டைவிட்டு நான் நகரவில்லை. தூரம் போனால் அறுந்துவிடும், மூடியைச் சாத்தினாலும் போய்விடும் என்று அவர் சொல்லியிருந்தார். வேன் டீக்கு நின்றால் எல்லாரும் இறங்குவார்கள். எனக்காக அவர் லேப்டாப்பைத் திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். நான் ஓடிப்போய் அவருக்கும் டீ வாங்கிவருவேன். "இன்னா சாமி, குடித்தனமே நடத்துறீங்க?" என்று டிரைவர் கேலி பண்ணுவார். பெரியப்பா கஞ்சி குடித்தார் என்று என் மனைவி பேசி அனுப்புவாள். ஊருக்குள் மோட்டார் தகராறு, உர மூட்டை வரவில்லை என்று தம்பி பேசி அனுப்புவான். அவன் எதற்கும் எழுதமாட்டான், பேசித்தான் அனுப்புவான். ஒவ்வொன்றையும் கேட்டபின் எனக்கு உயிர் வரும்.

அடிவாரத்தில் வேன் நின்றது காலை வேளை. மலை ஏறும் முன் எங்கள் குருசாமி எல்லார் போனையும் ஒரு மஞ்சள் பையில் வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிடுவார். மலையில் யார் கையிலும் போன் இருக்கக்கூடாது, அவரிடமும் இருக்காது. பை பின்சீட்டிலிருந்து ஒவ்வொருவராகக் கடந்து வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் தம்பியிடமிருந்து பேச்சு ஒன்று வந்தது. அவன் படம் தெரிகிறது, கீழே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கவில்லை. நான் லேப்டாப் சாமியைப் பார்த்தேன். அவர் தன் லேப்டாப்பில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் போனைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. அப்புறம் மெதுவாக மூடியைச் சாத்தினார். சந்தனப் பொட்டு மேலே வந்தது. "சார்ஜ் போச்சு சாமி. எறங்கி வந்து கேட்டுக்கலாம்" என்றார். வட்டம் நின்றுவிட்டது. மஞ்சள் பை வந்தது. மோட்டார் தகராறாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனைப் போட்டேன். சரணம் சொல்லி ஏறினேன். மறுநாள் விடியலில் தரிசனம். மகள் பேரைச் சொல்லி நின்றேன். அவ்வளவு தெளிவாக நான் ஐயப்பனைப் பார்த்ததே கிடையாது.

மத்தியானத்துக்கு மேல் இறங்கி வந்தோம். லேப்டாப் சாமி மூடியைத் திறந்தார். குச்சியில் நீல வெளிச்சம் வந்தது, என் போனில் வட்டம் சுற்றி முடிந்தது. "அண்ணா, பெரியப்பா பூட்டாரு. கெளம்பி வா. வர்ற வரைக்கும் எடுக்கமாட்டோம்." நேற்றுக் காலைக் குரல் அது. அதன் கீழே இன்னும் நிறைய. கடைசியில், அன்று மத்தியானம், "இதுக்கு மேல ஐஸ் பொட்டி தாங்காதுன்றாங்க. நானே வெச்சிடுறேண்ணா" என்றிருந்தான்.

சேதி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக அவன் போனில் இரண்டு டிக் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அண்ணன் வந்துகொண்டிருக்கிறான் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். கூப்பிட்டும் பார்த்திருக்கிறான், குருசாமி நம்பருக்கு. பைக்குள் எது அடித்தது என்றே டிரைவருக்குத் தெரியவில்லை. நான் அங்கேயே மாலையைக் கழற்றினேன். குருசாமி என் முதுகைத் தட்டினார். "காதுல வுழுந்த நேரத்துலேர்ந்துதான் தீட்டு சாமி. உன்ன கூப்ட்டுப் பாத்துட்டு அப்புறம்தான் சேதிய உட்டுருக்கான் ஐயப்பன்" என்றார். தலையாட்டினேன். ஆனால் மூடியைச் சாத்தின கை ஐயப்பனுடையதா என்று அப்போதே ஒரு கேள்வி வந்துவிட்டது.

ஊருக்கு வந்தபின் ஆளுக்கொரு பேச்சு. "கொள்ளி வெக்க வேண்டியவன் நீ. ரெண்டு டிக்க பாத்துக்கினே உக்காந்திருந்தேன்" என்று தம்பி அழுதான். "பாப்பா நல்லாத்தானே கீது, உடுங்க" என்றாள் என் மனைவி. இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் குழப்பம். காரியத்துக்கு லேப்டாப் சாமி வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன். மாலை இல்லை, ஆனாலும் வாயில் சாமி என்றுதான் வந்தது. "சாமி, அன்னிக்கு சார்ஜ் போச்சா?" என்று கேட்டேன். அவர் பஸ் வருகிறதா என்று கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். "சார்ஜ் இருந்துச்சு சாமி. ஊர் குரூப்புல பெரியவர் போட்டோ மாலை போட்டு வந்துச்சு. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிபோச்சு. இன்னா பண்றதுன்னு தெர்ல. பாஸ்வேர்டுல பாப்பா பேருதான் கண்ணு முன்னாடி இருந்துச்சு, மூடிட்டேன்" என்றார். பிறகு, "அடிக்கிறதுன்னா அடிச்சிடுங்க" என்றார். என் கை எழுந்தது என்னவோ உண்மை. கும்பிட எழுந்ததா, அடிக்க எழுந்ததா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பாதியில் நின்று, தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டது.

பூஜை அறையில் விளக்கேற்றும்போது இதை எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். வேண்டுதல் முடிந்தது யார் கணக்கில்? எனக்கு வந்த துக்கத்தை என்னைக் கேட்காமல் இன்னொருவர் ஒரு நாள் தன் மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினாரே, அது பாவமா, புண்ணியமா? தெரிந்தே ஏறிய அவர் அந்தப் பதினெட்டுப் படியில் என்ன சொல்லி வேண்டியிருப்பார்?

துக்கத்துக்காக ஒரு வருஷம் மாலை போடவில்லை. இந்த வருஷம் போட்டேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை, சும்மா போய்ப் பார்க்கலாம் என்றுதான். வேனில் லேப்டாப் சாமி எனக்கு முன் சீட்டில். பொட்டு வைக்க குருசாமி கிண்ணத்தோடு வந்தபோது, மூடியில் பழைய குங்குமத்தின் கறை இன்னும் போகாமல் இருந்ததைப் பார்த்தேன். அதன் மேலேயே புதுசை வைத்தார். திண்டிவனம் தாண்டி என் போன் தானாக ஒரு தடவை துடித்தது. எடுத்துப் பார்த்தால் 'சாமி சரணம்' என்று காட்டுகிறது. அதே பேர், அதே பாஸ்வேர்டு. அவர் மாற்றவில்லை, என் போனும் மறக்கவில்லை. என் சிம் இப்போது நன்றாகவே இருக்கிறது. இருந்தும் அதை அணைக்க மனம் வரவில்லை.

அடிவாரத்தில் மஞ்சள் பை வந்தது. அவர் லேப்டாப் மூடியில் கை வைத்தபடி என் பக்கம் திரும்பினார். "எல்லாம் வந்துடுச்சா சாமி? மூடட்டுமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன், அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். குருசாமி பையோடு இன்னொரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூடி திறந்தே இருந்தது.