சாயா மட்டும்தான் குடிச்சேன்

லேபில் வேலை பார்க்கிறவர்கள் யாரை வேண்டுமானாலும் நம்பலாம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் வருகிற பதிலை மட்டும் நம்பவே கூடாது.

ஆய்வேட்டுக்காக அடுத்தவர் வாசலில் போய் நின்ற ஜென்மங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நான் எம்.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜி இரண்டாம் வருஷம். சர்க்கரை நோயும் ரத்தக் கொழுப்பும் பற்றி ஆய்வு. சர்க்கரை உள்ளவர்கள் முப்பது பேர் சுலபமாகக் கிடைத்துவிட்டார்கள், எங்கள் மட்டாஞ்சேரியில் அதற்கா பஞ்சம்! நாற்பது தாண்டியும் சர்க்கரை இல்லாத முப்பது பேரைப் பிடிப்பதில்தான் என் உயிர் போனது. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல், காலை ஏழு மணிக்கு பஜார் பக்கத்துக் கிளினிக்கில் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அதை நான் எர்ணாகுளத்தில் கல்லூரி லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த மாசக் கடைசிச் சனிக்கிழமைக்குள் முப்பது தேறாவிட்டால் படிப்பு ஆறு மாசம் தள்ளிப்போகும். தேவராவில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்காக வைத்திருந்த வேலையும் கையைவிட்டுப் போகும்.

கூட வந்தது

முதல் ஆள் தையல்கடைச் சேட்டன். சட்டைக்கையைச் சுருட்டி, ஊசி பார்க்காமல் முகத்தைத் திருப்பி, வீரமாக உட்கார்ந்தார். "ஒண்ணும் சாப்பிடலையே?" என்றேன். "ஏய், ஒண்ணுமில்ல. சாயா மட்டும்தான்" என்றார். சாயாவும் கூடாது என்று நேற்றே தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன். சரி, வேறு ஏதாவது உண்டா என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"ரெண்டு பழம்பொரி. சாயாவோட கூட வந்ததை வேண்டாம்னு எப்படி மோளே சொல்றது?"

ஒரே சமையல்

ஒரு கடைக்காரர் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஏழு மணிக்கு அவர் மனைவி வந்து கையை நீட்டினார். பட்டியலில் உங்கள் வீட்டுக்காரர் பெயர்தானே இருக்கிறது என்றேன். அந்த அம்மாவுக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது.

"அவருக்கு ஊசின்னா பேடி, அப்படி ஒரு பயம். வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புலதான் சமையல், ஒரே சாப்பாடு. ரத்தம் மட்டும் வேறயா ஆயிடுமா?"

தெர்மோகோல் பெட்டி

ரத்தக் குழாய்களை ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்துப் படகில் கொண்டுபோவேன். கொச்சியில் தெர்மோகோல் பெட்டி வைத்திருக்கிறவள் மீன்காரிதான், அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. தினமும் யாராவது விலை கேட்பார்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்த சேச்சி மூடியைத் திறக்கவே போய்விட்டார். "ஐயோ தொடாதீங்க, ரத்தம்!" என்று கத்தினேன். படகே திரும்பிப் பார்த்தது. சேச்சி மட்டும் அசரவில்லை.

"ரத்தமா? அப்போ மீனை யாருக்குக் கொடுத்தே?"

வெள்ளைச் சீரம்

ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே தெளிகிற சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டும். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்த ஒரு பெரிய மனிதருடையது தேங்காய்ப்பாலாட்டம் வந்தது. வயிறு நிறையக் கொழுப்பு போனால்தான் அப்படி வெளுக்கும். எங்கள் கைடு மேடம் பாலக்காட்டுத் தமிழ்க்காரர். மலையாளத்தில் கொஞ்சுவார், திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்திருக்கிறார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தமிழ் வந்தது.

"ஷமீனா, இவர் பட்டினியோட வந்தார்னு எழுதியிருக்கே. கல்யாண வீட்டுப் பிரியாணியிலே நெய் ஜாஸ்தின்னு எனக்கு இங்கேர்ந்தே தெரியறது."

இருபத்தொன்பது

இப்படிக் கழிந்ததெல்லாம் கழிந்து, வியாழக்கிழமை மாலை என் கையில் இருபத்தொன்பது பேர். ஒரே ஒரு ஆள் குறைவு. சோற்றுத் தட்டின் முன் அழுதுகொண்டிருந்தேன். அத்தா, "ஏன், நான் ஆளில்லையா?" என்றார். அத்தாவுக்கு பஜாரில் மிளகு மண்டி. ஐம்பத்தாறு வயசு. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததில்லை என்பதில் பெரிய பெருமை. ஒரு நாளைக்கு எட்டு சாயா, எட்டிலும் சர்க்கரை கூடுதல். மறுநாள் காலை சாயாவைத் தொடாமல் கிளினிக்குக்கு வந்தார். கடைப்பக்கம் காணோமே என்று சாயாக்கடைச் சேட்டன் வீட்டுக்கே வந்து, உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போனாராம்.

வெறும் வயிற்றில் நூறைத் தாண்டக்கூடாத சர்க்கரை, லேபில் மெஷின் காட்டியது: 218. எனக்கு வந்ததே ஆத்திரம்! பெற்ற மகளிடமேவா? உடனே போன் போட்டேன். "அத்தா, உண்மையைச் சொல்லுங்க, சாயா குடிச்சீங்கதானே?" "அல்லா மேல ஆணையா இல்லடி, எச்சில்கூட முழுங்கலை." மறுபடியும் ஓட்டினேன். அதேதான். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையும் செய்தேன். ஒரு சாயாவால் அது ஏறாது. அதுவும் ஏறித்தான் இருந்தது. ஒருத்தர் பொய் சொல்லியிருக்கணும், சாயா குடிச்சிருக்கணும் என்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாக துஆ கேட்டேன். குழாய் கழுவுகிற தொட்டியடியில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல்.

மாலையில் வீட்டில் சொன்னேன். அத்தா கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்கு பயம் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கேட்டார்:

"சர்க்கரை இருந்தா என்னைக் கணக்குல எடுக்க மாட்டாங்களே. அப்போ உனக்கு ஆள் குறையுதேடி?"

சனிக்கிழமை

ஆளும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், முதலில் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டேன். ஆறு மாசம் போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனாலும் கிளினிக் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்று சனிக்கிழமை காலை போனால், வாசலில் அத்தா நிற்கிறார். பின்னால் வரிசையாக மூன்று சுமட்டுத் தொழிலாளிகள், மூவரும் தூக்கில் போடக் கொண்டுவந்த முகத்தோடு. ஒருவர் கழிந்தாலும் ஒருவராவது தேறட்டும் என்று மூன்று பேராம். இவர்கள் சாயா குடிக்கவில்லை என்பதற்கு என்ன உறுதி என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"சுபுஹு தொழுதுட்டு நேரா சாயாக்கடை வாசல்ல போய் நின்னு மறிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன். இனிமே எனக்குக் கிடையாதுங்கிறதை என் கண்ணு முன்னாடி இவனுங்க எப்படிக் குடிக்கிறாங்கன்னு பாத்துடறேன்!"

மூவருமே தேறி, எனக்குப் பட்டமும் வந்து, தேவராவில் வேலைக்கும் சேர்ந்து, தினம் நூறு பேரிடம் வெறும் வயிறா என்று கேட்டுவிட்டு வீடு வந்தால், மீசையில் பால் நுரையோடு, "சாயா மட்டும்தான், அதுவும் பாதி கிளாஸ்" என்கிறார் அத்தா.