நல்லாக் கவனிக்கச் சொன்னனான்

பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பாலத்தின் கீழால் லா சப்பல் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பட்டப்பகல். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. தும்புக்கட்டைகளும் வாளிகளும் வைக்கும் அறையைப் பூட்டும் திறப்பு இன்னும் என் காற்சட்டைப் பையில் கிடந்தது. துரத்துவதற்கு முன் நானே வெளியேறிவிடுவது என் பழைய வழக்கம். இந்த முறைதான் கால் கொஞ்சம் தயங்கியது. நிரந்தரக் கொந்திரா, அதாவது நிரந்தர வேலை ஒப்பந்தம், இல்லாவிட்டால் வதிவிட அட்டையைப் புதுப்பிப்பது கடினம் என்று லாயர் சொல்லியிருந்தார். அதற்காகவே அந்த ஒரே கட்டடத்தைத் துடைத்துக்கொண்டு நின்றுபிடித்தேன்.

சில கிழமைகளுக்கு முன் அந்த அறையில் லைட்டைப் போட்டபோது, கவிழ்த்த வாளியின் மேல் ஒரு பெண் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்மூடி இருந்தாள். மதுரா. பாரிஸுக்குப் பக்கத்துப் பொண்டியில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்கள் கொம்பனியின் எர்-ஆஷ். வேலைக்கு ஆட்களை எடுப்பதும் நிற்பாட்டுவதும் அந்தப் பிரிவுதான்.

"இஞ்சை என்ன பிள்ளை செய்யிறீர்?"

தமிழில் சொல் தேடினாள். "அங்கிள், நான் என்னை... என்னைக் கவனிக்கிறன். மேலை எல்லாரும் என்னட்டை வந்து அழுவினம். வீட்டை போனா அம்மான்ரை ஆக்கள் கோல் எடுப்பினம், மருமகனுக்கு வேலை வேணும் எண்டு. இஞ்சை ஒருத்தரும் இல்லை. போனும் இல்லை. உன்னைக் கவனி எண்டு டாக்குத்தர் சொன்னவர்."

நான் நம்பவில்லை. மேலே மெத்தைக் கதிரை இருக்க வாளியில் இருந்து தன்னைக் கவனிப்பாளா? வேலை நேரத்தில் நான் படுத்து எழும்புகிறேனா என்று பார்க்க வந்தவள் என்றே நினைத்தேன். கூட வேலை செய்யும் மன்னார் செல்வத்திடம் சொன்னேன். "அண்ணை, எர்-ஆஷுக்கு ஏது அழுகை? அழப்பண்ணுறதுதானே அவையின்ரை வேலை" என்று சிரித்தான். அதன் பிறகும் அவள் மத்தியானங்களில் வந்தாள். நான் கதவைத் திறந்து விட்டேன். களவுப் பழி வராமலிருக்கத் துப்புரவு மருந்துப் போத்தல்களையும் எண்ணி வைத்தேன்.

இன்று தோளில் பையோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அங்கிள், நான் போறன். நாளைக்குக் காலமை மேலை கந்தோருக்கு வாங்கோ. உங்களை நல்லாக் கவனிக்கச் சொன்னனான். ஒரு கையெழுத்து மட்டும்."

ஊரில் எங்களை 'நல்லாக் கவனிக்கிறோம்' என்றவர்கள் எப்படிக் கவனித்தார்கள் என்று என் முதுகுக்குத் தெரியும். ஒரு கையெழுத்து மட்டும் என்று ஆமி முகாமுக்குக் கூப்பிடப்பட்ட எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பவில்லை. அவள் மேலே ஏறியதும் நான் பின்கதவால் இறங்கிவிட்டேன்.

லூயி-பிளாங் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது செல்வம் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? அந்தப் பிள்ளை இனி வராது. உடம்பும் மனமும் ஏலாமல் வேலையை விட்டிட்டுது. போகமுந்தி உங்கடை நிரந்தரக் கொந்திராவைச் சரிப்பண்ணிப்போட்டுத்தான் போனது. காலமை வந்து கையெழுத்தை வையுங்கோ."

"உனக்கு ஆர் சொன்னது?"

"கந்தோரிலைதான்."

"அப்ப அவை சொல்லித்தான் நீ கூப்பிடுறாய்."

"நீங்கள் உங்கடை நிழலிட்டையும் அடையாள அட்டை கேப்பியள்" என்றுவிட்டு வைத்தான்.

நாங்கள் போகும்போது 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லுவோம். அவள் 'போறன்' என்றதைத் தமிழ் தெரியாத பிள்ளையின் பிழை என்று எடுத்திருந்தேன். ஒருவேளை இனி வரமாட்டேன் என்று சரியாகத்தான் சொன்னாளோ? அப்படியென்றால் 'கவனிக்க' என்ற மற்றச் சொல்லும் சரிதானோ? கொம்பனியில் எல்லாரையும் கவனித்தவளைக் கவனிக்க ஒரு வாளிதான் இருந்ததோ? இரவு முழுக்க இரண்டு பக்கமும் யோசித்தேன். போனை நிற்பாட்டி வைத்தேன். அதுவும் அவளிடம் பார்த்ததுதான்.

காலையில் கால் கந்தோர்ப் பக்கம் திரும்பவில்லை. அதே சாப்பாட்டுக் கடைக்குப் போய் வேலை கேட்டேன். முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்தவர். "கொந்திரா கிந்திரா எல்லாம் பிறகு பாப்பம் அண்ணை. ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, உங்களை நாங்கள் கவனிச்சுக்கொள்ளுவம்."

நல்ல தமிழ். ஒரு சொல்லும் பிசகாமல் விளங்கியது. தலையாட்டிவிட்டு நிலவறைக்கு இறங்கினேன். உரிக்க வெங்காய மூட்டைகள் இருந்தன, இருக்க ஒன்றும் இல்லை. மூலையில் கிடந்த வாளியைக் கவிழ்த்து இருந்தேன். பையிலிருந்த திறப்பு தொடையில் குத்தியது.