எட்டாம் பின்னில் ஒரு மஞ்சள் விளக்கு

மழைக்காலத்தில் ஒரகடத்துப் பகல் முழுதாக வெளுப்பதே இல்லை. குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, கண்ணாடியில் வழியும் நீருக்கு அப்பால் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மிதந்து போகும். பாதித் தூக்கத்தில் இறங்கி, அதே தூக்கத்தோடு எங்கள் டெஸ்டிங் பிரிவுக்குள் நுழைவேன். அங்கே சோதிக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அப்படி ஒரு நாள் கேன்டீனில் அந்தப் பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். லைனின் கடைசி இருக்கைக்குப் புதிதாக வந்தவள். பள்ளிக்கூட வயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள்.

"அக்கா, பீஸ் ஃபெயிலானா பஸ்ஸர் அடிக்குதாமே, எனக்கு எங்க கேக்குது? பக்கத்துல கீற அக்கா ஒவ்வொரு தபாவும் முதுகுல தட்டுறாங்க. தூக்கி வாரிப் போடுது. ஒரு லைட்டு வெச்சுக் குடுக்கா."

ஒவ்வொரு இருக்கையிலும் உள்ளங்கை அளவில் ஒரு கணினி போர்டு உண்டு. அதன் ஓரத்தில் வயர் மாட்ட வரிசையாக நிற்கும் ஊசிகளைப் பின் என்போம். சென்சார்களுக்கும் திரைக்கும் போக, அதில் எட்டாம் பின் மட்டுமே மிச்சம். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் அதில் ஒரு மஞ்சள் விளக்கை இணைத்து பவர் கொடுத்தேன். விளக்கு படபடவென்று துடித்தது.

"இன்னாமோ பேசுதுக்கா!" என்றாள்.

நிஜமாகவே பேசத்தான் செய்தது. போர்டு கண் விழிக்கும்போது தன் நிலவரத்தை எழுத்தெழுத்தாக வெளியே அனுப்பும் வழி அந்தப் பின். அதைச் சொன்னதும், விளக்கு அடங்கும்வரை கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அதை நிறுத்த மனசே வரவில்லை.

ஆனால் ஃபெயிலானதைக் காட்டவேண்டிய விளக்கு சும்மா துடிக்கக் கூடாது. எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்பதை போர்டு ஒரு சின்னக் கோப்பில் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். டிவைஸ் ட்ரீ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ஜன்னலுக்கு வெளியே குன்றத்தூர் மலைக்கோயில் மழைமூட்டத்தில் கரைவதும் தெளிவதுமாக இருக்க, நானே ஒன்று எழுதினேன். இந்தப் பின் இனி செய்தி அனுப்பாது, விளக்கை மட்டும் ஏற்றும், தொடக்கத்தில் அணைந்திருக்கும்.

மறுநாள் அதைப் போட்டு, கெட்ட பீஸ் வைத்துப் பார்த்தும் விளக்கு எரியவே இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது: வெளியே எட்டாவதாக நிற்கும் பின்னுக்கு சிப்புக்குள் எண் பதினான்கு; நான் எட்டு என்றே எழுதியிருந்தேன். எண்ணை மாற்றி, போர்டை மறுபடி எழுப்பினேன். துடிப்பில்லை. கெட்ட பீஸ் ஒன்றை அவளே வைத்தாள். மஞ்சள் வெளிச்சம் அவள் விரல்களில் விழுந்தது.

"நானே பாத்துட்டேன்!" என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

சில நாட்களில் பக்கத்து இருக்கைக்காரி என்னிடம் வந்தாள். "எனக்கும் ஒண்ணு வெச்சுடும்மா. அந்த பஸ்ஸர் சத்தம் வூட்டுக்குப் போனாக்கூட காதுலயே கேட்டுகினு கீது."

பிறகு வரிசையாக எல்லோரும் கேட்டார்கள். இப்போது எங்கள் லைனில் பஸ்ஸரே கிடையாது. தகரக் கூரையில் மழை பெய்வது கேட்கிறது. கீழே, அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் விளக்குகள் எரிந்து அணைகின்றன.