உத்தரவு கொடுத்த கிடா

முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட கிடாவின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைக் குலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக எங்கள் குடும்பத்தில் கணக்கு. அத்தையின் கிடாவோ தண்ணீர் படுவதற்கு முன்பே நடுங்கிக் குலுங்கியது.

தெலுக் பங்லிமா காராங் ஊரில் எங்களுக்குப் பக்கத்து வீடுதான் அத்தை வீடு. மோட்டார் விபத்தில் படுத்துக்கிடந்த மகன் எழுந்து நடந்ததற்காக அவர் வளர்த்த கிடா அது. படையலுக்கு விறகு அப்பாவின் உபயம். லோரி ஓட்டிய அப்பா, தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பச்சை நிறப் பலகைகளைச் சும்மா வாங்கி வந்து, வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்காட்டினார். முதல் நாள் சமைத்த அடுப்பின் சாம்பலைக் கிடா விடாமல் நக்கியது. சாமிக்கு மூட்டிய அடுப்பாயிற்றே என்று யாரும் விரட்டவில்லை.

"தண்ணியே தெளிக்கல, அதுக்குள்ள உத்தரவு கெடச்சிருச்சு லா," என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். கிடாவின் வாயில் எச்சில் ஒழுகியது. பின்னங்கால்கள் மடங்கின. இரத்தமாகக் கழிந்து, பூசாரி கத்தியை எடுப்பதற்குள் செத்துப்போனது.

எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். சுத்தபத்தமாக இருந்திருக்க மாட்டார், அதனால்தான் முனி ஏற்கவில்லை என்ற பேச்சு பண்டமாரானில் இருந்த சொந்தக்காரர்கள் வரை போனது.

அத்தையின் இன்னோர் ஆடும் செத்தபோது கால்நடை டாக்டர் வந்தார். சாம்பலைச் சோதனைக்கு எடுத்துப்போய், திரும்பி வந்து அப்பாவிடமும் அத்தையிடமும் சொன்னார்.

"அண்ணே, கரையான் அரிக்காம இருக்க அந்தப் பச்சப் பலகையில ஆர்சனிக் ஏத்தியிருக்காங்க. எரிச்சாலும் வெஷம் சாம்பல்ல தங்கிரும். உப்பு கரிக்கும், ஆடு நக்காம விடாது."

நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். டாக்டர் சொன்னது ஆட்டு நோய், சாமிக் குத்தம் வேறு என்று நினைத்துக்கொண்டேன். மிச்சப் பலகைகளை அப்பாவே லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். அதை யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை.

அந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலை போன வேனில் அத்தைக்கு இடம் வைக்கவில்லை. வழியனுப்ப வாசலில் வந்து நின்றவரிடம், அன்றைக்கு என்ன குறை வைத்தாய் என்று பெரியம்மா கேட்டேவிட்டார். அத்தை அப்பாவைப் பார்த்தார். முன்சீட்டில் இருந்த அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மேலதான் குத்தம்க்கா. நீங்க போய்ட்டு வாங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தையே ஒத்துக்கொண்டாரே என்று கைகூட ஆட்டாமல் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்பட வேண்டியவர் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.