உப்புப் பார்க்காத பருப்பு

"எங்கள் குருத்வாராவில் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம்" என்று என் பஞ்சாபித் தோழி சொன்னபோதே எனக்கு இடித்தது. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை அவளுடையது. நல்லவள்தான். ஆனால் இந்த "யார் வேண்டுமானாலும்" என்கிற பேச்சை விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். அதன் பின்னால் கட்டாயம் ஒரு "ஆனால்" வரும். சிலர் அதை உடனே சொல்லிவிடுவார்கள். சிலர் நாம் பாதி வேலை செய்து முடித்த பிறகு சொல்வார்கள்.

"ஆனால்?" என்று கேட்டேன்.

"தலையில் துணி கட்ட வேண்டும், கை கழுவ வேண்டும். குடித்துவிட்டோ சிகரெட் பிடித்துவிட்டோ வரக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன வேண்டும் உனக்கு?" என்று சிரித்தாள்.

வேறென்ன என்பதை அவளிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அதற்கு முன்பே அவளோடு சில ஞாயிறுகள் அங்கே சாப்பிடப் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ஒரு கடை திறந்திருக்காது. ஊரே வாயை மூடிக்கொண்டு கிடக்கும். எஸ்-பான் ரயிலை விட்டு இறங்கி, சாத்திக் கிடக்கும் தொழிற்பேட்டை வழியாக நடந்தால் ஒரு பழைய டைல்ஸ் கடை. அதுதான் குருத்வாரா, சீக்கியர் கோயில். செருப்பைக் கழற்றி, தலைக்குத் துணி கட்டி, தரையில் வரிசையாக உட்கார்ந்தால் ரொட்டி, பருப்பு, காய், பாயசம் எல்லாம் வரும். லங்கர் என்று அதற்குப் பெயர். ரொட்டியை மட்டும் இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். பக்கத்தில் ஓட்டை விழுந்த காலுறையோடு ஒரு ஜெர்மன் தாத்தா உட்கார்ந்திருப்பார். அவர் ஞாயிறுதோறும் வருகிறவராம். யாரும் பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை, புத்தகம் எதையும் கையில் திணிக்கவில்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடிப்போனது. சும்மா சோறு போடுகிறவர்கள் கடைசியில் ஏதாவது கேட்பார்கள் என்று பாயசம் முடியும்வரை காத்திருந்தேன். "இன்னும் கொஞ்சம்?" என்று மட்டும் கேட்டார்கள்.

சாப்பிடுவது ஒன்று, சமைப்பது வேறு. பந்தியில் எல்லாரையும் உட்கார வைப்பது சுலபம். அடுப்புக்கிட்ட யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால்தான் ஒரு கூட்டத்தின் லட்சணம் தெரியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பொங்கலுக்கு இங்கே தமிழ்க் குடும்பங்கள் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்வார்கள். நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். பாத்திரத்தை மேஜையில் வைப்பதற்குள் ஒரு பெண்மணி, "நீங்க ஊர்ல எந்த சைடு? ஊருக்குள்ளயா, கொஞ்சம் வெளியவா?" என்று தேன் ஒழுகக் கேட்டார். "வெளியில்தான்" என்றேன். சாயங்காலம் மற்ற பாத்திரங்களெல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தன, என்னுடையது வைத்தபடி இருந்தது. ஒருவேளை புளிப்பு தூக்கலாக இருந்திருக்கலாம். சாதம் குழைந்திருக்கலாம். எதனால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்க முடியாது. ருசியில் குறையா, கையில் குறையா என்று தெரியாமலே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு டிராமில் வீடு வந்து சேர வேண்டும். அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அந்தக் கோடையில்தான் அம்மா வந்தாள்.

அம்மா சத்துணவுக்கூடத்துச் சமையலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உத்தியோகப் பெயர்தான் சமையலர். வேலை கிடைத்த புதிதில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அடுப்பைப் பற்றவைத்து சாம்பார் வைத்தாள். நான் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் மட்டும் தட்டோடு உட்கார்ந்தோம். மற்ற பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து தூக்குவாளி வந்துவிட்டது. பெற்றோர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார்கள். அந்த வாரம் முழுக்க அண்டாவை இரண்டு பேர் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் கவிழ்த்தார்கள். அடுத்த வாரம் தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு அந்த உதவியாளம்மா சமைக்கட்டும். நீ பாத்திரம் பண்டம் பாத்துக்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் அம்மா ஓய்வு பெறும்வரை ஓடியது. சம்பளப் பட்டியலில் சமையலர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவள் சமைத்த அண்டாவைத் தேய்த்தாள்.

இதைப் பற்றி அம்மா வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமலிருந்ததை எல்லாம் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

குருத்வாரா விஷயத்தைத் தோழி வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடமே சொல்லிவிட்டாள். கையால் துழாவிக் காட்டி, அண்டா எவ்வளவு பெரிது என்று கையை விரித்துக் காட்டியதில் பாஷையே தேவைப்படவில்லை.

"அவ்ளோ பெரிய அண்டாவா? போலாம் பாப்பா" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா? அங்க ஏதாச்சும் சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னா பாத்திரம் தேய்க்கிறேன். அது எனக்குத் தெரியாத வேலையா?"

இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? எதையாவது சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று சண்டைக்குத் தயாராகவே கிளம்பினேன்.

சமையற்கூடத்தை நடத்தியவர் ஒரு வயதான பஞ்சாபி அம்மா. நல்ல ஆகிருதி, வெள்ளைத் துப்பட்டா. எல்லாரும் அவரை பீஜி என்றார்கள், பெரியம்மா என்று நாம் கூப்பிடுகிற மாதிரி. நீள மேஜையின் இரண்டு பக்கமும் பெண்களும் ஆண்களும் நின்று, "வாஹேகுரு" என்று கடவுள் பெயரை முணுமுணுத்தபடி ரொட்டி தேய்த்தார்கள். அம்மாவை வெங்காயத்துக்கு அனுப்புவார்கள், மிஞ்சிப்போனால் ரொட்டிக்கு அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். பீஜி அம்மாவின் கையைப் பார்த்தார், கரண்டியை எடுத்துக் கொடுத்தார், பருப்பு அண்டாவைக் காட்டினார். அதோடு காய் நறுக்கும் பக்கம் போய்விட்டார்.

இவ்வளவு சுலபமாகவா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. புதுசு என்பதால் மரியாதைக்குக் கொடுத்திருப்பார், விருந்தாளி போன பிறகு வேறு அண்டா வைப்பார் என்று தோன்றியது. கேரட் சீவுகிற சாக்கில் கண்ணை அந்தப் பக்கமே வைத்திருந்தேன்.

அம்மா புடவைத் தலைப்பைத் தலையைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டாள். பருப்பு வெந்ததும் தாளிப்பைக் கொட்டி, உப்பை அள்ளிப் போட்டு, இரண்டு கையாலும் அடிவரை கிளறினாள். அப்புறம், நம் ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி, கரண்டியிலிருந்து இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

பீஜி எங்கிருந்துதான் வந்தாரோ, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கை வாய்க்குப் போகவில்லை. அம்மாவைத் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப்போய் உள்ளங்கையைக் கழுவிவிட்டார். இரண்டு பக்கமும் ரொட்டி தேய்த்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் நின்ற அதே மாதிரி, சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

கேரட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். "என் அம்மா கையில் என்ன இருக்கிறது? எதற்குக் கழுவுகிறீர்கள்? தொட்டதுதான் பிரச்சினை என்றால் கரண்டியை எதற்குக் கொடுத்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். பீஜிக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்து மிரண்டு போனார். தோழி ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள்.

"இங்கே யாருமே ருசி பார்க்கக் கூடாது. முதலில் உள்ளே கொண்டுபோய் குருவின், அதாவது எங்கள் புனித நூலின், முன்னால் வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும். அதுவரை யாரும் வாயில் வைக்க மாட்டோம். பீஜியும் பார்க்க மாட்டார். உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்."

"உப்பு எப்படித் தெரியும்?"

"கைக்கணக்குதான்."

வசதியான விதி, என்று நினைத்துக்கொண்டேன். தேவைப்படும்போது தேவைப்பட்ட விதி எல்லாருடைய சட்டைப் பையிலிருந்தும் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு கேரட்டுக்குப் போகவில்லை. பீஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காய்க் கறியை இறக்கினார், பாயசத்தைக் கிளறினார். ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. குனிந்து ஆவியை மோந்து பார்த்ததோடு சரி. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் இருக்கலாம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "படைக்கிறதுக்கு முன்னாடி எச்சில் பண்ணக் கூடாது, அதானே? நம்ம வீட்டுலயும் சாமிக்கு வைக்கிறப்ப அப்படித்தானே" என்று சட்டென்று சமாதானமாகிவிட்டாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சமாதானமாவது எனக்கு எப்போதும் எரிச்சலைத்தான் தரும்.

பீஜி கிண்ணங்களில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியால் மூடினார். பருப்பை அம்மாவின் அண்டாவிலிருந்துதான் எடுத்தார். கண்ணால் பார்த்தேன். இருந்தாலும் என்ன? சாமிக்கு எந்தக் கையும் சரிதான், மனுஷர்களுக்குத்தான் கை பார்க்க வேண்டும். உள்ளே வேண்டுதல் முடிகிறவரை அம்மா அண்டா பக்கத்தில் நின்றாள்.

முடிந்ததும் இரண்டு பேர் வந்து அம்மாவின் அண்டாவைத் தூக்கினார்கள். சாப்பாட்டு ஹால் இடதுபக்கம். அவர்கள் வலதுபக்கம், பின்வாசலுக்குப் போனார்கள். பின்வாசலுக்கு வெளியே, உணவுக் கழிவு போடுகிற பழுப்புத் தொட்டிகள் நிற்பதை வரும்போதே பார்த்திருந்தேன்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். தூக்குகிறவர்களின் முதுகையே பார்த்தாள், அவ்வளவுதான். நான் பின்னாலேயே ஓடினேன். கவிழ்க்கட்டும், அந்தத் தொட்டிக்கு முன்னாலேயே மானத்தை வாங்குகிறேன் என்று ஓடினேன்.

அவர்கள் தொட்டிகளைத் தாண்டிப் போனார்கள். முற்றத்தில் வெயிலுக்குத் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். ஹால் போதாமல் கூட்டம் வெளியேயும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அண்டாவை அங்கே வைத்து, வாளியில் மொண்டு, தட்டுத் தட்டாக ஊற்ற ஆரம்பித்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் அம்மா பின்வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தட்டுகளையே பார்த்தாள். ஒருவன் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தான். ஒரு பெண் குழந்தைக்கு ஊட்டினாள். ஓட்டைக் காலுறைத் தாத்தா தட்டைச் சாய்த்துக் குடித்தார்.

அப்போது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். நெடுநெடுவென்று, நீலத் தலைப்பாகை, நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. கையில் தட்டோடு நேரே படிக்கு வந்து பீஜியிடம் ஏதோ கேட்டார். பீஜி அம்மாவைக் கைகாட்டினார். சரி, வந்துவிட்டது அந்த "ஆனால்" என்று நான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

பெரியவர் என்னைச் சுற்றி எட்டிப் பார்த்து அம்மாவிடம் என்னவோ சொன்னார். பீஜி அவரைப் பிடித்துத் திட்டினார். தோழி சிரித்துவிட்டாள்.

"பருப்பில் உப்புக் கம்மி என்கிறார். லங்கர் சாப்பாட்டில் குறை சொல்லலாமா என்று பீஜி திட்டுகிறார். அவர் கேட்க மாட்டார், எப்போதும் இப்படித்தான். போன வாரம் பீஜியின் காயில் காரம் கூட என்று சண்டை."

"என்னாடி சொல்றாரு?" என்றாள் அம்மா என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

திரும்பாமலே சொன்னேன். "உப்புக் கம்மியாம், அம்மா."

அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"சமையக்காரின்னு கையெழுத்துப் போட்டே ரிட்டயர்டு ஆயிட்டேன் பாப்பா. உப்புக் கம்மின்னு ஒருத்தர் வாயில வந்ததில்ல. இன்னைக்குத்தான் கேக்கறேன்."

பெரியவர் பதறிப்போனார். அழ வைத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார், பாவம். காலித் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் பருப்பு வேண்டும் என்று சைகை காட்டினார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உப்பு டப்பாவோடு வந்தாள். முதலில் அவர் தட்டில் பருப்பை ஊற்றி, ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தாள். அப்படியே பந்தலுக்குள் இறங்கி, வரிசையில் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, விரல்களால் உப்பை எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டே போனாள். யாராவது தட்டை இழுத்துக்கொள்கிறார்களா என்று பார்த்தபடி கடைசி ஆள்வரை நானும் அவள் பின்னாலேயே போனேன். யாரும் இழுக்கவில்லை.