பன்னிரண்டு கட்டங்களில் அடங்காத வருஷம்

சனிக்கிழமை பகல் ஒன்றே கால் மணிக்குச் செய்தி வந்தது. 1988, பிப்ரவரி ஆறாம் தேதி. மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் வேலை முடிந்து சங்கு ஊதியாகிவிட்டது. கைலாசநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டருகே வந்தபோது, டைம் ஆபீஸிலிருந்து போன் என்று கூப்பிட்டார்கள். பேசியவர் தொட்டையன். நஞ்சன்கூடு ரோட்டில் உள்ள கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர். கன்னடத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார். யுகாதி முதல் ஒரு வருஷக் குத்தகை கைலாசநாதனுக்குத்தான். வேறு யாரும் கேட்டு வரவில்லை.

கைலாசநாதன் சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு மாடி ஏறினார். ஹெட் கிளார்க் பசவராஜ் டிபன் கேரியரைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். எட்டு நாளாகச் சட்டைப் பையில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த விருப்ப ஓய்வுக் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். கொடுத்து முடிக்க ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

திட்டம் போடுவதுதான் அவருடைய தொழில். பழுது பார்க்க வரும் பெட்டிகளில் எது எந்தத் தேதியில் உள்ளே வரும், சக்கரம் எப்போது கழற்றப்படும், பெயின்ட் எப்போது காயும், எந்தக் கிழமை வெளியே போகும் என்பதையெல்லாம் பெரிய அட்டையில் கலர் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். அதே சங்குச் சத்தத்துக்கு எழுந்து வளர்ந்த பிள்ளை இவர். பி.எஸ்ஸி. கணிதம். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அவருடைய அட்டையைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள். ஆனால் அட்டையில் இருந்த எந்தப் பெட்டியும் அவருடையதல்ல. நாற்பத்தாறு வயதில் அந்த எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொள்ளக் காரணமாக இருந்தது ஒரு கம்ப்யூட்டர். மனைவி விசாலாக்ஷியின் தம்பி சாம்பு பர்மிங்ஹாமிலிருந்து லீவில் வந்தபோது, கருப்பாய், ஒரு சாப்பாட்டுத் தட்டளவுகூட இல்லாத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ரப்பர் பொத்தான்கள். தனியாகத் திரை கிடையாது, வீட்டு டி.வி.யில் இணைக்க வேண்டும். கூடவே இரண்டு கேஸட். ஒன்று பூச்சிகளைச் சுடும் விளையாட்டு. அதை ஒரு நாள் ஆடிவிட்டு வைத்துவிட்டார். மற்றது, சிறு வியாபாரிகள் வருஷத் திட்டம் போடுவதற்கானது.

டேப் ரிக்கார்டரில் அந்தக் கேஸட்டைப் போட்டால் ஐந்து நிமிஷம் கீச்சுக் கீச்சென்று கத்தும். பாதியில் பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் கரண்ட் ஆடி எல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டார் சட்னி அரைத்து முடித்த பிறகு உட்காருவார். கத்தி ஓய்ந்ததும் திரையில் கட்டங்கள் வரும். இடது பக்கம் வரவு செலவு வகைகள். மேலே ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதம். ஏதாவது ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், அரை நிமிஷம் யோசித்துவிட்டு, வருஷம் முழுவதையும் தானே மாற்றிக் காட்டும். இப்படிச் செய்தால் என்ன ஆகும், அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அதனிடம் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெட்டி இரண்டு நாள் தாமதமானால், அட்டை முழுவதையும் ரப்பரால் அழித்துத் திரும்பப் போட்டவர் அவர். முதல் தடவை எண்கள் தாமே ஓடி மாறியதைப் பார்த்ததும், உடனே இன்னொரு எண்ணையும் மாற்றிப் பார்த்தார்.

தொட்டையனின் மண்டபம் குத்தகைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், முறையாகவே ஆரம்பித்தார். மண்டபத்துக்குப் போய் மூன்று வருஷப் பதிவு நோட்டை வாங்கி, மாதத்துக்கு எத்தனை கல்யாணம் என்று எண்ணினார். ஜனவரி, பிப்ரவரி என்பதை எடுத்துவிட்டு, கல்யாணம் நடப்பது தமிழ் மாதத்தில்தானே என்று, தை, மாசி, பங்குனி என்று இங்கிலீஷ் எழுத்தில் கட்டங்களுக்குப் பெயர் வைத்தார். மூன்று வருஷமும் வைகாசியில்தான் கூட்டம். ஆடியில் ஒன்றுமில்லை. சமையலறையில் தொங்கிய தமிழ் நாள்காட்டியும் அதையே சொன்னது. வைகாசிக்குப் பதினேழு என்று போட்டார். மற்ற எல்லா மாதமும் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்க, வைகாசி ஒன்றுதான் வருஷத்தைத் தூக்கி நிறுத்தியது. குத்தகைப் பணம், சம்பளம், வீட்டுச் செலவு போக, கடைசிக் கட்டத்தில் மிச்சம் காட்டியது. அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் கடிதம் எழுதினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மாதம்மா வந்தாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம், பதினோரு வருஷமாக அந்த மண்டபத்தில் அண்டா குண்டா கழுவி, ஸ்டோர் ரூம் சாவியையும் வைத்துக்கொண்டிருப்பவள். ஆள் மாறினால் தன் வேலை நிற்குமா என்று விசாலாக்ஷியிடம் கேட்க வந்தாள். விசாலாக்ஷி காபி கொடுத்து, நீ இல்லாமல் மண்டபமா என்றாள். கைலாசநாதனுக்கு அன்று யாரைப் பார்த்தாலும் திட்டத்தைக் காட்ட வேண்டும் போலிருந்தது. மாதம்மாவைக் கூப்பிட்டு டி.வி.க்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு மாதமாகப் படித்துச் சொன்னார். அவளும் காபியை ஆற்றிக்கொண்டு, தைக்குச் சரி, மாசிக்குச் சரி என்று தலையாட்டிக்கொண்டு வந்தாள். வைகாசி பதினேழு என்றதும் ஆற்றுவதை நிறுத்தினாள்.

“பதினேழு கண்ணாலம் ஆருக்குங்க சாமி? உங்க ஊட்டுலயே பண்ணப் போறீங்களா?”

அவர் சிரித்தார். நோட்டைப் பார்த்து எண்ணிய கணக்கு என்றார்.

“நோட்டு போன வருசத்துதுங்க. இந்த வருசம் கன்னடத்துல ரெண்டு ஜேஷ்ட மாசம் வருதுங்களே. முன்னால வாரது அதிக மாசம். அதுல கன்னடத்துக்காரங்க ஒருத்தரும் தாலி கட்ட மாட்டாங்க. தமிழ் பேசறவிங்க நாங்களே எங்க பக்கம் கட்டறதில்லீங்க.”

கைலாசநாதனுக்குத் தெரியாத விஷயமல்ல. தமிழ் மாதம் சூரியனோடு போகிறது. கன்னட மாதம் சந்திரனோடு. சந்திரன் கணக்கு பின்தங்கிப் போவதால், இரண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அவர்கள் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கூடுதல் மாதத்தில் சுப காரியம் கிடையாது. மைசூரில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியும். ஆனால் சொந்த வீட்டில் நடந்த கல்யாணம், பூணூல் எல்லாம் தமிழ் மாதத்தில் நடந்தவை; அதிக மாதம் என்பது அடுத்த வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒன்றாகவே காதில் விழுந்து போயிருந்தது. எழுந்து போய், பக்கத்து வீட்டில் கன்னடப் பஞ்சாங்கம் வாங்கி வந்தார். மே பதினாறு முதல் ஜூன் பதினான்கு வரை அதிக ஜேஷ்டம். வைகாசியை அளவெடுத்துத் தைத்த மாதிரி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

பதிவு நோட்டில் ஏன் இது தெரியவில்லை என்று பிறகுதான் பார்த்தார். எண்பத்தைந்தில் வந்த அதிக மாதம் ஆடியில் விழுந்திருந்தது. ஆடி காலியாக இருந்தால் எந்தத் தமிழனுக்குச் சந்தேகம் வரும்?

பதினேழை அழித்து இரண்டு என்று தட்டினார். திரை அரை நிமிஷம் யோசித்தது. வைகாசியிலிருந்து வலது பக்கம் முழுவதும், ஒன்று விடாமல், எண்களுக்கு முன்னால் கழித்தல் குறி வந்து நின்றது. தள்ளிப்போன கல்யாணமெல்லாம் ஆனிக்கு வருமே என்று மாதம்மாவைக் கேட்டார். வரும், ஆனால் மண்டபம் ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம், நல்ல நாள் பத்துப் பதினொன்றுக்கு மேல் தேறாது என்றாள். காத்திருக்க முடியாதவர்கள் சித்திரையிலேயே அவசரமாக முடித்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். சித்திரைக்கு நான்கு கூட்டினார். ஆனிக்குப் பதினொன்று போட்டார். கழித்தல் குறி போகவில்லை. சம்பளமில்லாத ஒரு வருஷத்தின் கடைசிக் கட்டத்தில் மூன்று வருஷச் சம்பளம் கடனாக நின்றது.

வேறு யாரும் கேட்டு வரவில்லை என்று தொட்டையன் சொன்னது இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“ஏன்னா, கடுதாசி?” என்றாள் விசாலாக்ஷி.

கடிதம் பசவராஜின் கையில் இருந்தது. பசவராஜ் சனிக்கிழமை மத்தியானமே சொந்த ஊருக்குப் போயிருப்பார். திங்கள் காலை நேரே ஆபீசுக்கு வருவார். வந்ததும் தபால் பதிவேட்டில் ஏற்றுவார். ஏறிவிட்டால் மேலதிகாரி மேஜைக்குப் போகும். திரும்பப் பெற இன்னொரு கடிதம், அதற்குக் காரணம், காரணத்துக்கு விளக்கம். அதற்குள் அந்த நாற்காலிக்கு மைசூரில் எத்தனை பேர் ஆளாய்ப் பறக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பெண் வாலாம்பாள் அந்த வருஷம் பி.யூ.சி. முடிக்கிறாள். அன்று முழுவதும் அவர் டி.வி.யை அணைக்கவே இல்லை. விசாலாக்ஷிதான் சாயங்காலம் வந்து, “சும்னே அதையே பாத்துண்டு இருந்தா அது ப்ளஸ்ஸா ஆயிடுமா?” என்று அணைத்தாள்.

திங்கட்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்பே மாடிப்படியில் நின்றார். பசவராஜ் வந்து, இவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டிபன் கேரியர் பையில் கையை விட்டுக் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஊருக்குப் போய்த் திரும்பி வந்த கடிதம். ஓரத்தில் லேசாக ஊறுகாய் எண்ணெய்.

“சனிக்கிழமையே ஹேளணும், சொல்லிடணும்னு இருந்தது சார். நீங்க தொட்டையன் சத்திரம், அதான் அந்த மண்டபம், எடுக்கறதா ஒர்க்‌ஷாப் பூரா பேசறாங்க, இதுவோ அதிக மாசம் வர்ற வருஷம். ஆனா நீங்க அவ்வளவு சிரிச்சிட்டுக் கொடுத்தீங்க. எப்படிச் சொல்றது? திங்கள்கிழமை ஒரு தடவை கேட்டுட்டு ஏத்தலாம்னு வெச்சுக்கிட்டேன்.”

கைலாசநாதன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருவரும் கேன்டீனுக்குப் போய் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார்கள். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு அவர் சாப்பிட்டது அதுதான்.

சாயங்காலம் தொட்டையனைப் பார்க்கப் போனபோதுதான் கால் கூசியது. முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தார். அதை மறைக்காமல், தான் செய்த தப்பையும் மறைக்காமல் சொன்னார். தொட்டையன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, ரயில்வேக்காரருக்கு வேறே கணக்கு இருக்குமோ என்று தானும் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அடுத்த வருஷம் வேண்டுமானால் வாருங்கள் என்று கதவு வரை வந்து வழியனுப்பினார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, திரும்பும்போது சைக்கிள் தானாகவே ஓடியது.

அந்த வைகாசியில் மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. கைலாசநாதன் வீட்டுக்குப் போக வேறு குறுக்குவழி உண்டு. ஆனாலும் ஒரு மாதம் நஞ்சன்கூடு ரோடு வழியாகவே சுற்றிப் போனார். பூட்டைப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், மிதிப்பார். ஒரு நாள் மட்டும் வாழை மரம் கட்டியிருந்தது. ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் பழனிமுத்து வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டதாகவும், இத்தனை ருசியான பாயசம் தன் ஆயுசில் சாப்பிட்டதில்லை என்றும் வீட்டில் வந்து சொன்னார்.

அடுத்த வருஷமும் அவர் மண்டபம் கேட்கப் போகவில்லை. அட்டையில் கோடு போடும் வேலை திடீரென்று பிடித்துப் போயிற்று. ஆனால் கேஸட்டை எடுத்து வைத்துவிடவில்லை. மாதம்மா சொந்தமாகப் பாத்திரம் வாங்கிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப் போவதாக வந்து நின்றபோது, அவளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை எண்ணைப் போடுவதற்கு முன் கேள்வி கேட்டார். எந்த மாதம் யார் வருவார்கள் என்பதைவிட, யார் வரமாட்டார்கள் என்று முதலில் கேட்பார். மாதப் பெயர்கள் கன்னடத்துப் பெயர்களாயின. அதிக மாதம் வரும் வருஷத்துக்கென்று மிஷினில் பதின்மூன்றாம் கட்டம் கிடையாது. திரையில் வந்ததைப் பழைய ரயில்வே படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி, பதின்மூன்றாவதைப் பென்சிலால் தானே கூட்டிச் சேர்ப்பார். மாதம்மாவின் பாத்திரங்கள் ஆறு வருஷத்தில் ஒரு ஷெட் நிறைய ஆயின. கூலி கொடுக்க வந்தால் வாங்கமாட்டார். விசாலாக்ஷியிடம் தேங்காயாகக் கொடுத்துவிட்டுப் போவாள்.

1996 ஜனவரியில், இன்னும் சர்வீஸில் இருக்கும்போதே, ஒரு நாள் காலை வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தவர் நாற்காலியில் சாய்ந்தார்; பிறகு எழவில்லை. வலி அதிகமில்லை என்று டாக்டர் சொன்னார். ஐம்பத்து நான்கு வயது. சர்வீஸ் முறியாமல் இருந்ததால் குடும்பப் பென்ஷன் குறையாமல் வந்தது; விசாலாக்ஷிக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. வாலாம்பாளுக்கும் முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, பசவராஜ் ஆபீஸில் கைலாசநாதனின் மேஜை டிராயரிலிருந்த காகிதங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதில் மாதம்மாவுக்கான அந்த வருஷத் திட்டம் இருந்தது. யுகாதியிலிருந்து ஆரம்பம். 1996இல் ஆஷாடம் இரண்டு. பதின்மூன்று மாதமும் பென்சிலால் கோடு போட்டு எண் நிரப்பியிருந்தது. புதிதாக வாங்க வேண்டிய அண்டா எத்தனை என்று மாதம்மாவைக் கேட்டு எழுத வேண்டிய ஒரு கட்டம் மட்டும் எழுதப்படவில்லை.